டி. கல்லுப்பட்டியிலிருந்து தூக்கிய கட்டில்

ஓய்வு பெற்றவனை நிம்மதியாக உட்கார விடக்கூடாது என்று எங்கோ ஒரு உத்தரவு இருக்கிறது போல. போன மாதம் செந்தில் வீட்டுக்கு வந்தான். என்னிடம் ஷிப்ட் பழகியவன், இப்போது பொறியாளர்.

"அண்ணே, நம்ம சப்-ஸ்டேஷன்ல இனிமே ஆளே கிடையாது. எல்லாம் டவுன்ல இருந்தே கம்ப்யூட்டர்ல ஆன், ஆஃப். அதுக்கு ஒரு சிறப்பு மலர் போடுறோம். நீங்க ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க."

"ஆள் இல்லாத ஸ்டேஷனுக்கு மலர் எதுக்குடா? எவன் படிப்பான்?"

"புயல் அன்னைக்கு நீங்க தனியா இருந்து சமாளிச்சதை எழுதுங்கண்ணே."

எல்லோருக்கும் அந்தப் புயல்தான் வேண்டும். புயல் அன்றைக்கு நான் ஒன்றும் சமாளிக்கவில்லை. எல்லா லைனும் தானாகவே நின்றுபோனது. நான் இருட்டில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றேன். அதை எழுதினால் மலருக்கு ஆகாது. அதனால் ஒரு கட்டிலைப் பற்றி எழுதுகிறேன். வேண்டாம் என்றால் செந்தில் இதைப் போடாமல் விட்டுவிடட்டும், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

நான் துணை மின் நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவன். பெரிய லைனில் வருகிற மின்சாரத்தைக் குறைத்து, ஊர் ஊராகப் பிரித்து அனுப்புகிற இடம் அது. ஐ.டி.ஐ. முடித்தேன், இரண்டு வருஷம் சீனியர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன், ஒருநாள் ஒருவர் லீவு போட்டதால் என்னை மேஜையில் உட்கார வைத்தார்கள். பயிற்சி என்று சொல்லிக்கொள்ள அவ்வளவுதான். மற்றதெல்லாம் தங்கவேல் சாரிடம் கற்றது.

தங்கவேல் சார் எங்களுக்கு உதவிப் பொறியாளராக வந்தபோது எனக்கு முப்பது வயது இருக்கும். குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைக்கிற நேரம் எவ்வளவு நீளுகிறதோ அவ்வளவு கோபம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். அவரோடு வேலை பார்ப்பது போல ஒரு எரிச்சல் பிடித்த காரியம் உலகத்தில் கிடையாது. எதைச் சொன்னாலும் "நீ பாத்தியா?" என்பார்.

ஸ்டேஷனுக்கு வெளியே ஜல்லி கொட்டிய யார்டில் பிரேக்கர் பெட்டிகள் வரிசையாக நிற்கும். வீட்டில் இருக்கிற மெயின் ஸ்விட்ச் மாதிரிதான், ஆனால் ஆள் உயரம். உள்ளே கெட்டியான ஸ்பிரிங் ஒன்று முறுக்கேறி நிற்கும். பிரேக்கர் மூடும்போது அந்த ஸ்பிரிங் விடுபடுகிற வேகத்தில் கை அகப்பட்டால் கை இருக்காது. ஒவ்வொரு பெட்டியிலும் சாவியோடு ஒரு குமிழ் உண்டு. ஒரு பக்கம் திருப்பினால் 'ரிமோட்': கன்ட்ரோல் ரூமில் மேஜையில் இருக்கிறவன் அதை இயக்கலாம். மறுபக்கம் 'லோக்கல்': பெட்டிக்கு முன்னால் நிற்கிறவன் மட்டும்தான் இயக்க முடியும்.

யாராவது பெட்டிக்குள் கை வைக்கப் போனால், ஐந்து நிமிஷ கிரீஸ் வேலையாக இருந்தாலும் சரி, தங்கவேல் சார் தானே நடந்து வருவார். குமிழை லோக்கலுக்குத் திருப்புவார். சாவியை உருவி, வேலை செய்கிறவனின் சட்டைப் பையில் போட்டு, பையின் பட்டனையும் மாட்டிவிடுவார். பிறகு உள்ளே வந்து என்னிடம் கேட்பார்.

"சாவி எங்க?"

"முனியாண்டி பையில சார்."

"நீ பாத்தியா?"

"நீங்கதான போட்டீங்க."

"நீ பாத்தியான்னு கேட்டேன்."

சித்திரை வெயிலில் நான் யார்டுக்குப் போய், முனியாண்டியின் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வரவேண்டும். முனியாண்டி என் வயதுக்காரர், லைன்மேன். நான் பையைத் தொடும்போதெல்லாம், "என்னய்யா, களவாங்கவா வந்த?" என்பார். அவருக்கும் எரிச்சல்தான்.

சார் மீட்டிங் போன ஒருநாள் முனியாண்டி, "நாலு சொட்டு எண்ணெய் விட்டுட்டு வந்துர்றேன்" என்று ஒரு லைனை நிறுத்தச் சொல்லிவிட்டு யார்டுக்குப் போனார். குமிழைத் திருப்பவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் அன்றைக்கு ஒரு விடுதலை. அதற்குள் போன் வந்துவிட்டது: மோட்டாருக்குக் கரண்ட் இல்லை, பயிர் காய்கிறது, என்ன தூங்குகிறாயா என்று ஒருவர் கத்தினார். வெளியே பெட்டிக் கதவு அடிக்கிற சத்தம் கேட்டது. வேலை முடிந்து முனியாண்டி கதவைச் சாத்திவிட்டார் என்று முடிவு கட்டி, மேஜையில் இருந்தபடியே ஸ்விட்சைத் திருப்பிவிட்டேன்.

கதவை அடித்தது காற்று.

முனியாண்டி வேர்வை துடைக்கக் கையை வெளியே எடுத்த நேரம் அது. ஸ்பேனர் மட்டும்தான் உள்ளே இருந்தது. அது பறந்து வேலிக்கு அப்பால் விழுந்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் ஜல்லியில் உட்கார்ந்து தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் சார் வந்தார், கேட்டார், கண்ணாடியைத் துடைத்தார். பிறகு என்னை யார்டுக்குக் கூட்டிப்போனார். குமிழ் ரிமோட்டில் இருந்தது. "முனியாண்டி, நீ போய் மேஜையில உக்காரு" என்றார். என்னிடம், "நீ கையை உள்ள வை" என்றார்.

அரை மணி நேரம் வைத்திருந்தேன். ஜன்னல் கண்ணாடி வழியாக முனியாண்டியின் தலை தெரிந்தது. அவர் பேனாவை எடுத்தாலே ஸ்விட்சைத்தான் திருப்பப் போகிறார் என்று தோன்றியது. உள்ளே போன் அடித்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டேன். சார் பக்கத்திலேயே நின்றார்.

"வலிக்குதா?"

"இல்ல சார்."

"அப்புறம் ஏன் நடுங்குற?"

அவர் முன்கூட்டியே அந்தப் பெட்டியின் ஃபியூசைப் பிடுங்கித் தன் பையில் போட்டிருந்தாராம். பெட்டியில் உயிரே இல்லை. என் பணி ஓய்வு விழாவில்தான் முனியாண்டி அதை மைக்கில் சொல்லிச் சிரித்தார். அதுவரை எனக்குத் தெரியாது.

இதையெல்லாம் அனுபவித்தவன் நான். இவ்வளவு தெரிந்த பிறகுதான் கீழே எழுதப்போவதைச் செய்தேன்.

என் தங்கை ரோஸ்லின் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோச்சடையில் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி சொந்தமாக ஒரு சின்ன வீடு வாங்கியிருந்தாள். காளவாசல் சிக்னலில் அவள் ஸ்கூட்டரை ஒரு வேன் இடித்ததில் கழுத்தில் அடி. பல மாதம் ஆஸ்பத்திரி. கால்கள் போயின. இடது கையில் அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. வலது கையில் மணிக்கட்டும் இரண்டு விரலும் தேறின. மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை, வாய்க்கு அதைவிட ஒன்றும் ஆகவில்லை.

டிஸ்சார்ஜ் ஆன அன்றைக்கே சொல்லிவிட்டாள்: "மூணு மாசம் உன் வீட்ல இருக்கேன்ணே. அப்புறம் என் வீட்டுக்குப் போயிருவேன்."

"தனியா எப்படி இருப்ப?"

"காலையிலயும் சாயங்காலமும் பஞ்சவர்ணம் பாத்துக்குவா, ராத்திரியும் படுத்துக்குவா. நடுவுல அஞ்சு மணி நேரம் நான் மட்டும். ஃபேன், லைட், கட்டில், வாசக்கதவு. நாலு ஸ்விட்ச் என் கைக்கு எட்டுற மாதிரி குடு. போதும்."

பஞ்சவர்ணம் அவளைப் பார்த்துக்கொள்ள அமர்த்திய பெண். ரோஸ்லின் கேட்டது நாலு ஸ்விட்ச். நான் ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகியிருந்தது, கை அரித்துக்கொண்டிருந்தது. நாற்பது கொடுத்தேன்.

முதலில் என் வீட்டில் வைத்து ட்ரையல், எல்லாம் சரியாக ஓடினால் உன் வீட்டுக்கு மாற்றுகிறேன் என்றேன். புது லைன் போட்டால் சோதிக்காமல் அதில் கரண்ட் விடமாட்டோம், அதே முறை. காளவாசல் கடையில் பெட்டி பெட்டியாக வாங்கினேன். ஸ்மார்ட் பல்பு, ஸ்மார்ட் பிளக், திரைச்சீலைக்கு மோட்டார், மோட்டார் வைத்த ஆஸ்பத்திரிக் கட்டில், அதைப் போனிலிருந்து இயக்க ஒரு கருவி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆப். ஒவ்வொரு ஆப்புக்கும் ஒரு பாஸ்வேர்டு. ஓ.டி.பி. பெங்களூரில் இருக்கும் என் மகள் நம்பருக்குப் போகும், அவள் மீட்டிங்கில் இருப்பாள். நடுநடுவே, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று வேறு கேட்கும். பேசினால் கேட்கிற ஸ்பீக்கர் ஒன்றும் வாங்கினேன். ரோஸ்லினுக்கு இழுத்துப் பேச மூச்சு போதாது. ஃபேன் சத்தத்தில் அவள் சொல்வது அதற்கு எட்டவே எட்டாது. ஃபேனை நிறுத்தச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் ஃபேனை நிறுத்த வேண்டும். ஒரு வாரம் பார்த்துவிட்டு, "இதுக்கு ஒண்ணாங் கிளாஸ் புள்ளைங்க எம்புட்டோ தேவலாம்" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நானும் விடவில்லை. எல்லாவற்றையும் என் போனுக்குள் கொண்டுவந்தேன். அறை மூலையில் கேமரா மாட்டினேன். கட்டிலோடு வந்த வயர் ரிமோட்டை அவள் விரல் தெரியாமல் அழுத்திவிடும் என்று கழற்றிப் பரணில் போட்டேன். கதவைத் திறக்க அவள் பொத்தானை அழுத்தினால் முதலில் என் போனுக்குச் செய்தி வரும், நான் சரி என்றால்தான் திறக்கும். எத்தனை மணிக்கு என்ன ஓடியது என்று ஒரு நோட்டில் எழுதினேன். என் மனைவி எமிலி அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஸ்டேஷனை வீட்டுக்கே கொண்டாந்துட்டீங்க, சந்தோசம். உங்க தங்கச்சி அதுல எத்தனாவது லைன்?" என்றாள். பொறாமையில் பேசுகிறாள் என்று நினைத்தேன்.

மூன்று மாதம் பதினொரு மாதமானது. ஒவ்வொரு முறையும் நானே ஒரு குறை கண்டுபிடித்து ட்ரையலை நீட்டித்தேன். ரோஸ்லின் கேட்பாள்: "பரீட்சை எழுதி முடிச்சுட்டேன். நீ பேப்பரே திருத்த மாட்டேங்குறியே அண்ணே." கேமராமேல் ஒரு துண்டைப் போடச் சொல்லிப் பஞ்சவர்ணத்திடம் சொல்வாள். நான் வந்து துண்டை எடுப்பேன். மறுநாள் மறுபடி துண்டு இருக்கும். இவளுக்காக இவ்வளவு பாடுபடுகிறோமே, ஒரு நன்றி இருக்கிறதா என்று எனக்கு அப்படி ஒரு கோபம்.

எமிலியின் சித்தி மகன் டி. கல்லுப்பட்டியில் வீடு கட்டி மந்திரிப்புக்கு, அதாவது புது வீட்டு ஜெபத்துக்கு, அழைத்திருந்தார். நானும் எமிலியும் போனோம். பஞ்சவர்ணம் ரோஸ்லினுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுப் பதினொரு மணிக்குக் கிளம்பிவிட்டாள். சாமியார் ஜெபம் முடித்துப் போன பிறகு, பந்தலில் நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். பேச்சு இந்த ஸ்மார்ட் சமாச்சாரத்துக்கு வந்தது. விடுவேனா? போனை எடுத்துக் காட்டினேன். திரையில் ரோஸ்லின் கட்டிலில் கொஞ்சம் கீழே சரிந்து படுத்திருந்தாள்.

"பாருங்க, சரிஞ்சு கிடக்கா. இங்கிருந்தே தூக்கி உக்கார வைக்கிறேன்" என்று சொல்லிப் பொத்தானைத் தொட்டேன்.

அந்தக் கருவியில் ஒரு தடவை தொட்டால் போதும், தலைப்பக்கம் முழுதாக ஏறித்தான் நிற்கும். ஏறியது. பந்தலில் எல்லோரும் "அடேங்கப்பா" என்றார்கள். படம் சில விநாடி தாமதமாகத்தான் வரும், சத்தத்தை நான் அணைத்து வைத்திருந்தேன். போன் அடித்தது, ரோஸ்லின்தான்.

"இறக்குண்ணே."

"இப்பதான ஏத்தினேன்? கொஞ்ச நேரம் உக்காரு. நெஞ்சுச் சளிக்கு நல்லது."

"அண்ணே, இறக்கு. கை."

"என்ன கை? முழுசாச் சொல்லு."

"கம்பியில என் கை மாட்டியிருக்கு. இறக்கு."

தொட்டேன். திரையில் வட்டம் சுற்றியது. டவர் ஒரு கோடு காட்டியது. பந்தலை விட்டு ரோட்டுக்கு ஓடினேன், ஒரு டிராக்டர்மேல் ஏறி நின்று போனைத் தூக்கிப் பிடித்தேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. எமிலி கீழே நின்று பஞ்சவர்ணத்துக்குப் போன் போட்டுக் கத்திக்கொண்டிருந்தாள். கட்டில் இறங்குவதற்குள் எவ்வளவு நேரம் ஆனது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. எதையும் நேரம் போட்டு எழுதுகிறவன், அதை எழுதவில்லை.

இடது கையில் இரண்டு விரல் எலும்பு நொறுங்கிவிட்டது. கை தானாகச் சரிந்து பக்கவாட்டுக் கம்பிக்கும் கட்டில் சட்டத்துக்கும் நடுவே விழுந்திருக்கிறது. கேமராவுக்கு அந்தப் பக்கம் தெரியாது. பஞ்சவர்ணம் ஓடிவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தாள்; நான் போனபோது கட்டுப் போட்டிருந்தார்கள்.

"ரொம்ப வலிச்சதா?" என்று கேட்டேன்.

"வலிக்கல. அதான் உணர்ச்சியே இல்லையே. பாத்துக்கிட்டே இருந்தேன், அம்புட்டுதான்."

பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர், "நல்ல வேளை, வெளங்காத கையோட போச்சு" என்றார். நானும் தலையாட்டினேன். அவர் போன பிறகு ரோஸ்லின் என்னைப் பார்த்தாள்.

"அதுவும் என் கைதாண்ணே."

நான் வராந்தாவுக்கு வந்து அழுதேன். யார்டில் அரை மணி நேரம் கை வைத்து நின்றவன் நான். உள்ளே இருக்கிறவன் எப்போது எதைத் தொடுவான் என்று தெரியாமல் கிடப்பது எப்படி இருக்கும் என்று உடம்போடு தெரிந்தவன். அந்த நிலைமையில் என் தங்கையைப் பதினொரு மாதம் படுக்க வைத்திருந்தேன். அதற்குப் பாதுகாப்பு என்று பெயரும் வைத்திருந்தேன்.

அவள் மன்னிப்பெல்லாம் கேட்கச் சொல்லவில்லை. கட்டுப் பிரித்த அன்றைக்கு ஒரு பட்டியல் சொன்னாள், பஞ்சவர்ணம் எழுதிக்கொண்டாள். கேமராவைக் கழற்று. உன் போனில் இருக்கிற எல்லாவற்றையும் என் கண் முன்னால் அழி. நாலு ஸ்விட்ச். என் வீட்டில்.

இந்தத் தடவை முறையாகச் செய்தேன். வயர் இழுத்தேன். மாவு மில்லிலும் பட்டறையிலும் இருக்குமே, பச்சையும் சிவப்புமாகப் பெரிய பொத்தான்கள், அதுதான் எனக்குத் தெரிந்த சாமான். ஒரு பலகையில் பதித்து அவள் வலது கைக்குக் கீழே வைத்தேன். அவளுடைய இரண்டு விரலுக்கு வலு எவ்வளவோ அவ்வளவுக்கு உள்ளே ஸ்பிரிங்கை மாற்றினேன். நாலு தடவை மாற்ற வேண்டியிருந்தது, நாலு தடவையும் அவளே அழுத்திப் பார்த்து "இன்னும் கெட்டியா இருக்கு" என்றாள். கட்டில் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் கட்டில் ஓடும், விரலை எடுத்தால் அந்த இடத்திலேயே நிற்கும். எல்லாவற்றையும் நிறுத்த ஒரு சிவப்புப் பொத்தான் முழங்கைக்குப் பக்கத்தில். கரண்ட் போனால் இன்வெர்ட்டர். இன்டர்நெட் கிடையாது. இடது கைக்குப் பஞ்சு வைத்த ஒரு தாங்கு செய்து, கை வழுக்காமல் பட்டை போட்டோம். அவசரத்துக்குப் பஞ்சவர்ணத்திடமும் பக்கத்து வீட்டிலும் ஒரு சாவி. எனக்குச் சாவி வேண்டுமா என்று ரோஸ்லின் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

செந்தில் இதைப் படித்துவிட்டு, "டவுன்ல இருந்து இயக்குறது தப்புன்னு சொல்றீங்களாண்ணே?" என்பான். இல்லையப்பா. நன்றாக இயக்கு. பெட்டிக்குள் கை வைத்திருக்கிறவனின் பையில் சாவி இருக்கிறதா என்று மட்டும் எழுந்து போய்ப் பார்.

ரோஸ்லின் இப்போது அவள் வீட்டில் இருக்கிறாள். பழைய பள்ளிப் பிள்ளைகள் நாலைந்து பேருக்குப் போனிலேயே கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். போன வியாழக்கிழமை மதியம் எமிலி மீன் குழம்பு கொடுத்துவிட்டாள். போய் மணியை அழுத்தினேன். வாசலில் இருக்கிற சின்ன ஸ்பீக்கரில் அவள் குரல் வந்தது.

"யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா?"

"சேவியர்!"

"கிளாஸ் நடக்குதுண்ணே. இரு."

உச்சி வெயில். தூக்குவாளி சுட்டது, கை மாற்றி மாற்றிப் பிடித்தேன். எதிர்வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தி, "என்ன சார், தங்கச்சி வீட்டு வாசல்ல நிக்கிறீங்க, சாவி இல்லையா?" என்றார். இல்லை என்றேன். ஸ்பீக்கரை அவள் அணைக்கவில்லை; உள்ளே, "அந்த மைனஸ் எங்க போச்சு? மறுபடி போடு" என்று யாரையோ விரட்டிக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷமாயிற்று, பதினைந்தாயிற்று. கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்ப் போனை எடுத்தது. அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. திமிர் பிடித்தவள் என்று வாய்விட்டே திட்டினேன்.

பிறகு பேச்சு நின்றது. கட்டில் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் ஓடி நின்றது. மறுபடி கொஞ்சம் ஓடியது, நின்றது. துளி இறங்கியது. நின்றது. அவளுக்கு எந்த உயரம் தோதாக இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்றுதான் பதினொரு மாதமும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

கதவு டக்கென்று திறந்தது.

"இப்ப வா" என்றாள்.